சத்தம் கேட்டதும் ஓடாமலிருக்க ஓர் ஊர் என்ன செய்ய வேண்டும்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர்களில் பேரிடருக்குத் தயாராவது எப்படி என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: பெரிய சத்தம் கேட்டுப் புகை கிளம்பினால் அந்தத் திசையில் ஓடாதீர்கள். சொல்வது எளிது. அக்காவோ மகனோ வேலைக்குப் போன வெடி ஆபீஸ் (பட்டாசு ஆலை) பக்கம் கரும்புகை எழும்பும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க எவராலும் முடியாது. ஓடத்தான் தோன்றும். ஆகவே "ஓடாதீர்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்த அறிவுரையால் ஒரு பயனும் இல்லை. ஓடாமல் இருப்பதற்கு ஊர் முன்கூட்டியே என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பகுதியில் மறந்தவர்கள் இருக்க முடியாது. தீபாவளிக்கு முந்தைய அவசர வேலை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அங்கே பட்டாசு ஆலை ஒன்றின் அறையில் தீப்பிடித்தது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் மற்ற ஆலைத் தொழிலாளர்களும் ஓடி வந்தார்கள். சிலர் காப்பாற்ற வந்தார்கள், சிலர் தங்கள் ஆட்களைத் தேடி வந்தார்கள், சிலர் என்னவென்று பார்க்க வந்தார்கள். அவர்கள் அருகில் நின்றிருந்த நேரத்தில்தான் பெருவெடிப்பு நிகழ்ந்தது. நாற்பதுக்கு நெருக்கமானோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல.

இது தற்செயலாக நடப்பதில்லை. பட்டாசு ஆலைகளில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பது, ஓர் அறை வெடித்தால் பக்கத்து அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காக. அறைக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, அன்றைய வேலைக்குத் தேவையான மருந்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று விதி இருப்பதும் அதற்காகத்தான். சீசன் நேரத்தில் இந்த இடைவெளிகள் நிரம்பிவிடுகின்றன. மரத்தடியில் வேலை நடக்கிறது, வெளியில் மணிமருந்து காய்கிறது, அனுப்பவேண்டிய பெட்டிகள் தாழ்வாரத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. இவற்றைப் பிடித்துக்கொண்டு தீ அறை அறையாக நகர்ந்து, கடைசியில் சரக்கு அதிகமாக இருக்கும் குடோனுக்குப் போய்ச் சேர்கிறது. முதல் சத்தத்துக்கும் அந்தப் பெரிய சத்தத்துக்கும் நடுவில் சில நிமிடங்களோ கால் மணி நேரமோ ஆகலாம். பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்து சேர அந்த நேரம் போதும். கூட்டம் கூடி முடிக்கிற நேரமும் குடோன் வெடிக்கிற நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

நம் ஊரில் மட்டும் இப்படி நடப்பதில்லை. 2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஷெடே நகரில், குடியிருப்புக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கில் தீப்பிடித்தது. சனிக்கிழமை பிற்பகல். வாணவேடிக்கை போல இருந்ததால் மக்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். பிறகு கிடங்கு மொத்தமாக வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் நான்கு பேர் உட்பட 23 பேர் இறந்தார்கள், 900க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் புகை எழுந்தபோது பலர் மாடிகளிலும் சன்னல்களிலும் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். வெடிப்பின் அழுத்தத்தில் நொறுங்கிய கண்ணாடி எத்தனையோ பேரின் முகத்தையும் கண்ணையும் கிழித்தது. அங்கே வெடித்தது அமோனியம் நைட்ரேட், அளவும் மிகப் பெரியது. ஆனாலும் சன்னலோரம் நிற்காதே என்ற பாடம் நம் ஊருக்கும் பொருந்தும்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது? குறைந்தபட்சம் அரைக் கிலோமீட்டர் என்று நான் சொல்வேன். இன்னும் தள்ளி நின்றால் நல்லது. நடுவில் ஒரு கட்டடமோ கண்மாய்க் கரையோ மறைப்பாக இருக்க வேண்டும். காற்று வீசுகிற திசையைப் பார்த்து, புகை உங்களை நோக்கி வராத பக்கம் போங்கள். வயலில் இருக்கும்போது சத்தம் கேட்டால் தரையோடு படுத்து, தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். எழுந்ததும் எதிர்த்திசையில் நடங்கள். வீட்டில் இருப்பவர்கள் சன்னலை விட்டு விலகி, உள்சுவர்ப் பக்கம் உட்காருங்கள். ஓட்டு வீட்டில் ஓடு சரிந்து விழும் என்பதால் நிலைப்படியைத் தாண்டி வெளியே, மறைப்புள்ள இடத்துக்கு வந்துவிடுவது நல்லது.

யார் எங்கே போயிருக்கிறார்கள்?

ஏன் ஓடுகிறோம்? "எங்க அக்கா அந்த ஆபீஸ்லதான் வேலைக்குப் போயிருக்கா" என்ற பதற்றம்தான் காரணம். அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக்கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அது சரியான விதியும்கூட. சத்தம் கேட்டதும் இங்கிருந்து போன் அடிக்கிறோம். அங்கே பெட்டிக்குள் கிடந்து அடித்து ஓய்கிறது. போன் எடுக்கவில்லை என்றதும் மனம் போகிற இடம் ஒன்றுதான். சரியான தகவல் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டால் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் நின்றுவிடுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம். பத்து ஊர்க்காரர்கள் பதறி ஓடுகிற இடத்தில், உண்மையில் அந்த ஆபீஸுக்கு அன்று வேலைக்குப் போனவர்கள் இரண்டு வீட்டுக்காரர்களாகவே இருப்பார்கள்.

அதனால் ஊர் செய்யவேண்டிய முதல் வேலை, தினசரிப் பதிவு. இந்தப் பகுதியில் தொழிலாளர்களை ஊர் ஊராக வந்து வேன் ஏற்றிப் போகிறது. நேற்று ஒரு ஆபீஸ், இன்று வேறொன்று, சீசனில் ஆள் தேவைப்பட்டால் பாதி நாளில் இன்னொன்று என்று மாறுவதும் உண்டு. வேன் கிளம்பும் முன், அதில் ஏறுகிற பெண்களில் ஒருவர், "இன்னைக்கு நம்ம ஊர்ல இருந்து பதினாலு பேரு, இன்ன ஆபீஸ், வேன்காரர் நம்பர் இது" என்று பெயர்களோடு மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஒரு நிமிடம் ஆகும். ஊரில் இருக்கும் குழு உறுப்பினர் ஒருவர் அதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். செல்போன் கோபுரம் அவசர நேரத்தில் நெரிசலில் திணறும், சார்ஜ் இருக்காது, ஆகவே காகித நோட்டு கட்டாயம். டூவீலரில் தனியாகப் போகிறவர்கள் அந்த நோட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். விடுமுறை நாளில் போகிற கல்லூரிப் பிள்ளைகளைத் தவறாமல் எழுதுங்கள். அவர்கள்தான் எந்தக் கணக்கிலும் இல்லாமல் போகிறவர்கள்.

ஆலையில் வருகைப் பதிவேடு இருக்குமே என்று கேட்கலாம். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தை நினைத்துப் பாருங்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த ஆலையில், ஒரே லைசென்ஸின் கீழ் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. குத்தகைக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆள் வைக்கும் இடத்தில் உள்ளே மொத்தம் எத்தனை பேர் என்று யாரிடமும் ஒரே கணக்கு இருக்காது. ஆலையின் பதிவேடும் அலுவலக அறையோடு எரிந்துபோகலாம். ஊரில் இருக்கும் நோட்டு எரியாது. பின்னால் இழப்பீடு கேட்டு நிற்கும்போது, "இவர் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை" என்று ஒருவர் கைகழுவ முயன்றால், அன்று காலை பதிவான பெயரும் நேரமும் அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுக்கும்.

பதிவின் இன்னொரு பாதி, தப்பியவர்கள் திரும்பி வந்து சொல்வது. விபத்து நேரத்தில் தொழிலாளர்கள் முள்வேலியைத் தாண்டி நாலா திசையிலும் காட்டு வழியாக ஓடுவார்கள். சிலர் நேராக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்களைத் தேடி அவர்கள் அண்ணன் ஆலை வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஆகவே தப்பி வருகிறவர் முதலில் ஊர்ச் சாவடிக்கு வந்தோ, யாரிடமாவது போன் வாங்கியோ நோட்டுக்காரரிடம் பெயரைச் சொல்லிவிட வேண்டும். நோட்டில் அந்தப் பெயருக்கு நேராக டிக் விழும். கோயில் மைக்செட்டில் அந்தப் பெயர்களை மட்டும் அறிவியுங்கள். யார் வரவில்லை என்பதை மைக்கில் சொல்லக்கூடாது. அதை அந்த வீட்டாரிடம், நேரில், பெரியவர் ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும்.

பாதையும் போனும்

ஓடி வருகிற கூட்டத்தால் இன்னொரு கேடும் உண்டு. ஆலைகள் ஊரை விட்டுத் தள்ளிக் கரிசல் காட்டுக்குள் இருக்கின்றன. போவதற்கு ஒரே பாதை, அதுவும் ஒரு லாரி போகிற அகலம். இருபுறமும் பைக்குகளை நிறுத்திவிட்டால் தீயணைப்பு வண்டி உள்ளே போகாது, 108 வெளியே வராது. ஊரில் நான்கு இளைஞர்களுக்கு இந்த ஒரே வேலையைக் கொடுங்கள்: மெயின் ரோட்டிலிருந்து பிரியும் முக்கில் நின்று, மற்ற வண்டிகளைத் திருப்பி அனுப்புவது, வருகிற வண்டிக்குச் சிவப்புத் துணி காட்டி வழி சொல்வது. உதவி செய்யத் துடிக்கிற பையன்களுக்கு இது சின்ன வேலையாகத் தோன்றும். ஒரு ஆம்புலன்ஸ் பத்து நிமிடம் முந்திப் போவது, தீக்காயம் பட்டவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் அந்தப் பாதையே எதிரியாகிவிடும். கரிசல் மண் நனைந்தால் டயரைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டியின் எடைக்கு அது அப்படியே இறங்கிவிடும். புரட்டாசி முடிவதற்குள் ஆலைப் பாதைகளில் சரள் அடிக்கச் சொல்லி நிர்வாகங்களிடம் ஊராட்சி எழுத்தில் கேட்க வேண்டும். பல ஆலைகள் ஒரே பாதையைப் பயன்படுத்துகிற இடத்தில், செலவைப் பகிர்ந்துகொள்ள அவர்கள் முன்வருவதற்கும் வாய்ப்பு அதிகம்.

போன் செய்யும்போது பதறாமல் பேசுவதற்கு, சொல்லவேண்டியதை முன்கூட்டியே எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஊரைச் சுற்றியுள்ள ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு வரி போதும்: எந்த ரோட்டில், எந்த ஊர் விலக்கு, எந்தக் கோயிலோ பாலமோ தாண்டி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும். தீக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. பேசுகிறவர் தன் பெயரையும் நம்பரையும் சொல்லி, இன்னும் வெடித்துக்கொண்டிருக்கிறதா, எத்தனை பேர் வெளியே வந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஊரிலிருந்து ஐம்பது பேர் அழைத்தால் இணைப்பு அடைபடும். ஊருக்கு இருவர் அழைத்தால் போதும்.

தீயணைப்பு வீரர்கள் வந்த பிறகும் வாசலிலேயே நிற்பதைப் பார்த்து ஊரார் ஆத்திரப்படுவதுண்டு. வெடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே போகாமல் இருப்பதுதான் அவர்களுடைய பயிற்சி. அவர்களை உள்ளே தள்ளாதீர்கள்.

தண்ணீர் எங்கே, மணல் எங்கே

பட்டாசு மருந்தில் எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. வெடியுப்பிலும் மற்ற நைட்ரேட்டுகளிலும் இருந்து அது வெளிப்படுகிறது. அதனால் சாக்கைப் போட்டு மூடி, காற்றை அடைத்து அணைக்க முடியாது. அலுமினியம் பவுடர் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும். அதற்கு உலர்ந்த மணல்தான் வேண்டும், அதுவும் ஒரு கைப்பிடி தீயாக இருக்கும்போது மட்டும். கலவையோ செய்த சரக்கோ எரிய ஆரம்பித்துவிட்டால் தொழிலாளி செய்யவேண்டியது ஒன்றுதான்: கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசல் வழியே ஓடுவது. செருப்பு, சாப்பாட்டுத் தூக்கு, பை என்று எதற்கும் திரும்பக்கூடாது. வாசலில் பெட்டி அடுக்கியிருந்தால் அந்த ஓட்டமே நின்றுவிடும். காலையில் அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் பார்க்கவேண்டியது, வாசல் காலியாக இருக்கிறதா என்பதை. காலியாக இல்லை என்றால், வேலை தொடங்கும் முன் போர்மேனிடம் சொல்லி எடுக்கவையுங்கள். வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைவதும் பருத்தி உடுத்துவதும், உடம்பில் சேரும் நிலைமின்சாரம் மருந்தில் பொறியாக விழாமல் இருப்பதற்காக. நைலக்ஸ் சேலையும் பாலியெஸ்டர் பாவாடையும் அந்தப் பொறியை உண்டாக்கும், தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும்.

உடையில் தீப்பற்றியவர் ஓடினால் தீ வளரும். படுத்து உருள வேண்டும். சுற்றி நிற்பவர்கள், வெடிக்கிற இடத்தைத் தாண்டி வந்த பிறகு, கம்பளியாலோ நனைத்த சணல் சாக்காலோ போர்த்தலாம்.

இனி காயத்துக்கு வருவோம். இதில்தான் ஊர் உண்மையாகவே உயிர் காக்க முடியும் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தோலில் மருந்துப் பொடி ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டி உதிர்த்துவிடுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீரை, காயத்தின்மேல் மெதுவாக, இருபது நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் வீக்கம் வந்தால் அவை சதையை அறுக்கும், மருத்துவமனையில் வெட்டி எடுக்கவேண்டியிருக்கும். தாலியைக் கழற்றத் தயங்குவார்கள். கழுத்தில் காயம் இருந்தால் அந்த வீட்டுப் பெரியவரைக் கொண்டு கழற்றச் சொல்லுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், சுற்றியுள்ளதை மட்டும் கத்தரியுங்கள். மஞ்சள், பேஸ்ட், இங்க், முட்டை, எண்ணெய், மாவு, சாணம் என்று எதையும் தடவக்கூடாது. தடவினால் மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும், கிருமியும் ஏறும்.

உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தால் இருபது நிமிடக் கணக்குப் பார்த்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் காக்கவைக்காதீர்கள். அவர்களுக்கு உடல் சூடு வேகமாகக் குறையும். சில நிமிடம் ஊற்றிவிட்டு, சுத்தமான வேட்டியால் தளர்வாக மூடி, அதன்மேல் போர்வை போர்த்தி அனுப்புங்கள். காயம்பட்டவரின் சொந்த உள்ளங்கை, விரல்களும் சேர்த்து, அவர் உடம்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. காயம் எத்தனை உள்ளங்கை இருக்கும் என்று பார்த்து 108 ஊழியரிடம் சொன்னால், எந்த மருத்துவமனைக்குப் போவது என்று அவர் சீக்கிரம் முடிவெடுப்பார். சிவகாசி அரசு மருத்துவமனையா, விருதுநகர் மருத்துவக் கல்லூரியா, மதுரை ராஜாஜியா என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் குறிப்பாகக் கவனியுங்கள். உடம்பில் காயம் குறைவாக இருந்தும் குரல் கம்மியிருந்தால், மூக்கு மயிர் கருகியிருந்தால், சளியில் கரி வந்தால், மூச்சுக்குழாய் வெந்திருக்கக்கூடும். "நல்லாத்தான் பேசுறாரு" என்று கடைசி வண்டியில் அனுப்புவார்கள். அவரைத்தான் முதல் வண்டியில் அனுப்ப வேண்டும். காது கேட்கவில்லை, நெஞ்சு வலிக்கிறது என்கிறவரும் அப்படியே. வெடிப்பின் அழுத்தம் காதுச் சவ்வையும் நுரையீரலையும் வெளியில் தெரியாமல் கிழித்திருக்கக்கூடும்.

இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். ஒருவருக்கே ஏழெட்டுக் குடம் போய்விடும். சித்திரை வெயிலில் ஊர்த் தொட்டி காலியாகக் கிடக்கும் ஊர்கள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. சாவடி அருகே ஒரு சின்டெக்ஸ் தொட்டியை இதற்கென்றே ஒதுக்கி, எப்போதும் பாதிக்குக் கீழ் இறங்காமல் வைத்திருங்கள். பழைய பருத்தி வேட்டி, சேலைகளைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு டிரங்குப் பெட்டியில் வையுங்கள். கத்தரிக்கோல், டார்ச், விசில், இரண்டு கம்பளி, ஒரு ஸ்ட்ரெச்சர். இரண்டு கம்பும் சணல் சாக்குகளும் இருந்தாலே ஸ்ட்ரெச்சர் ஆகிவிடும்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் சிவகாசி நகரில் பட்டாசுக் கடை ஒன்றில் தீப்பிடித்தபோது, பக்கத்திலிருந்த ஸ்கேன் சென்டருக்குள் இருந்தவர்களில் பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள். தீ அவர்களைத் தொடவில்லை. பட்டாசுக் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களும் சிகிச்சைக்குப் போகிறவர்களும், முன்வாசல் தவிர வேறு வழி இருக்கிறதா என்று போனதுமே பாருங்கள். இல்லை என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். புகை புகுந்துவிட்டால் குனிந்து, தரையை ஒட்டி, சுவரைத் தடவிக்கொண்டே வெளியேறுங்கள்.

மழை, இடி, கோடைக் காற்று

விருதுநகர் மாவட்டத்தை வறண்ட பூமி என்று சொல்லிச் சொல்லி வெள்ளத்தை மறந்திருக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் குளங்களும் கண்மாய்களும் உடைந்து ஊர்களைச் சூழ்ந்தன. அப்படி ஒரு மழை நம் வைப்பாற்றுப் படுகையில் பெய்யாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நம் கண்மாய்கள் சங்கிலித் தொடர்கள். மேல் கண்மாயின் கலுங்கு பாய்ந்து கீழ்க் கண்மாய் நிரம்பும். மேலே ஒன்று உடைந்தால் கீழே அடுத்தடுத்து உடையும். ஆகவே உங்கள் ஊர்க் கண்மாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. மேல் கண்மாய் ஊர்க்காரர் ஒருவரின் நம்பர் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும், உங்கள் நம்பர் கீழ் ஊர்க்காரரிடம் இருக்க வேண்டும். புரட்டாசியில் ஒரு நாள் கரையை நடந்து பார்த்து, எலி வளையும் கசிவும் உள்ள இடங்களில் கொடி நட்டு, கலுங்கில் அடைத்த முள்ளை அகற்றுங்கள்.

வெள்ளமும் வெடிமருந்தும் சேருவதுதான் நம் பகுதிக்கே உரிய ஆபத்து. அலுமினியம் பவுடர் கலந்த மருந்து ஈரப்பட்டால் தானாகச் சூடேறி, வாயு வெளிவிட்டு, பல மணி நேரம் கழித்துத் தீப்பிடிக்கக்கூடும். நனைந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நம்புவது உயிரைக் கொல்லும் நம்பிக்கை. மழை நாளில் மீந்த கலவையை இரவில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. ஒழுகும் அறைகளை முன்கூட்டியே சரி செய்ய வேண்டும். வெள்ளம் புகுந்த ஆலைக்குள் தண்ணீர் வடிந்ததும் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டால், போர்மேன் முதலில் பார்த்துச் சொல்லாமல் யாரும் போகாதீர்கள். வீட்டில் மருந்து வைத்துப் பட்டாசு செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: குழாய் சுற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருந்து வீட்டுக்குள் வந்தால் அடுப்பும் குழந்தையும் மழை ஒழுக்கும் அதனோடு ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்தச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்காரரும் இருக்கிறார்.

இடிக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடிச் சத்தம் கேட்டால், அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே வேலையை நிறுத்தி அறைகளை விட்டு வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் திரும்பக்கூடாது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பதும் ஆபத்து. சரக்கறைகளிலிருந்து தள்ளியுள்ள கான்கிரீட் கட்டடமோ, கண்ணாடியை ஏற்றிவிட்ட வேனோ பாதுகாப்பு. 'தாமினி' செயலி மின்னல் எச்சரிக்கை தருகிறது, தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' வானிலை எச்சரிக்கை தருகிறது. போர்மேன் போனிலும் ஊர் நோட்டுக்காரர் போனிலும் இரண்டும் இருக்கட்டும்.

கோடையில் காய்ந்த புல்லும் சீமைக் கருவேலமும் ஆலை வேலிவரை வந்து நிற்கும். பங்குனிக்குள் வேலியைச் சுற்றிப் பத்தடி அகலமாவது உழுது வெறுந்தரையாக்கிவிடச் சொல்லுங்கள். பருத்தி மாரையும் மக்காச்சோளத் தட்டையையும் தீவைக்கும் விவசாயிகள், பக்கத்து ஆலைக்குச் சொல்லாமலோ காற்றடிக்கும் பிற்பகலிலோ வைக்காதீர்கள்.

அடுத்த நாள்

தீ அணைந்த மறுநாள் பிள்ளைகள் அங்கே போவார்கள். வெடிக்காமல் சிதறிய சரக்கு காடெல்லாம் கிடக்கும், அதைப் பொறுக்கி வந்து கொளுத்துவார்கள். பள்ளி ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் அன்றே தடுக்க வேண்டும், அதிகாரிகள் அகற்றி முடிக்கும்வரை காவல் போட வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், இஎஸ்ஐ அட்டை, நலவாரிய அட்டை ஆகியவற்றின் நகல்களை ஒரே கவரில் வைத்து, உறவினர் ஒருவர் வீட்டில் இன்னொரு செட் கொடுத்துவையுங்கள். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கென்று தனி நலவாரியம் இருக்கிறது, பதிவு செய்யாதவர்கள் இந்த மாதமே செய்யுங்கள். விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதல்வர் விருதுநகரில் அறிவித்தார். பிள்ளையின் பள்ளி வழியாகவோ ஆட்சியர் அலுவலகத்திலோ அதைக் கேட்டுப் பெறுங்கள். துக்க வீட்டில் யாராவது வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியாது. முதலில் நோட்டு, பிறகு தொட்டி, அதன் பிறகு பாதை என்று வரிசையாகப் போங்கள். தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் வாரங்களில் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். அப்போது ஒரு ஞாயிறு காலை விசிலடித்து ஒத்திகை பாருங்கள்: நோட்டுக்காரர் யார், முக்கில் நிற்பவர் யார், மைக் எடுப்பவர் யார், அவர் ஊரில் இல்லாத நாளில் அடுத்தவர் யார். தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தால் வந்து செய்முறை காட்டுவார்கள். அடுத்த கிராம சபையில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள். ஊரின் எல்லைக்குள் ஆள் எடுக்கும் ஒவ்வொரு வேனும் காலையில் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஆலைப் பாதைகளை மழைக்கு முன் செப்பனிட வேண்டும். சாவடித் தொட்டிக்குத் தனிக் குழாய் இணைப்பு வேண்டும். ஊராட்சிச் செயலர் பதிவேட்டில் எழுதிய பிறகு நீங்களே ஒருமுறை வாசித்துப் பார்த்து, தீர்மான நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.